ஆலெட் பொந்துக்கு எண் எழுதும் வேலை

அலூசியன் தீவுகளில் ஆலெட் என்ற சிறிய கடற்பறவையைக் கணக்கெடுப்பது என்றால் பாதி வேலை காத்திருப்புதான். அலாஸ்காவிலிருந்து மேற்கே சுமார் 1,900 கிலோமீட்டர் நீளும் எரிமலைத் தீவு வரிசை அது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த கடல்மேல் பட்டதும் மூடுபனியாகிவிடும். ஜூலையிலும் வெயில் அபூர்வம். மலையடிவாரம் காற்றுக்கு மறைவு என்று நினைத்துக் கூடாரம் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. முகட்டில் தேங்கிய குளிர்காற்று திடீரென்று சரிவில் கொட்டும். அதற்கு வில்லிவா என்று பெயர். மண் பஞ்சு மாதிரி இருப்பதால் முளை நிற்காது, கயிற்றைப் பாறையில்தான் கட்ட வேண்டும்.

சாமான்களை அட்டைப்பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. மூடியை அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் வாளிதான் சரி. ஈரத்துக்காக மட்டுமல்ல, எலி ஒளிந்து தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகவும். கிஸ்கா தீவில் எலிகள் ஆலெட் பறவைகளைக் கொன்று, ஒரே பதுக்கிடத்தில் நூற்றுக்கும் மேல் குவித்து வைத்திருந்தது பதிவாகியிருக்கிறது. ஹவடாக்ஸ் தீவில் எலியை ஒழிக்க 2008-ல் ஹெலிகாப்டரில் விஷத்தீனி தூவினார்கள். எலி ஒழிந்தது, கூடவே 40-க்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகளும் செத்தன. கரையிலேயே வாளியைச் சோதிப்பது எவ்வளவோ மலிவு.

சின்ன ஆலெட் (Least Auklet) என்ற இனம் சுமார் 85 கிராம்தான் இருக்கும். பாறை இடுக்கில் ஒரே ஒரு முட்டை. ஒவ்வொரு இடுக்கின் வாயிலும் பெயின்ட்டால் எண் எழுதி, சில நாளைக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, நனையாத நோட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும். பேனா மை கரைந்துவிடும். முட்டையிட்ட புதிதில் அடிக்கடி எட்டிப் பார்த்தால் பறவை கூட்டை விட்டுவிடும். குஞ்சு பொரித்ததிலிருந்து பறக்க ஏறத்தாழ 4 வாரம் ஆகும். 10-ம் நாளில் இருந்த குஞ்சு 14-ம் நாளில் இல்லை என்றால் அது செத்த கணக்கு. ஆனால் இடையில் புயல் வந்து, 15-ம் நாளுக்குப் பிறகு 30-ம் நாள்தான் போக முடிந்தது, இடுக்கு காலி என்றால்? செத்ததா, பறந்ததா என்று சொல்ல வழியில்லை. அந்த வரியைக் கேள்விக்குறியோடு விடுவதுதான் நேர்மை. ஊகித்து நிரப்பினால் எத்தனை குஞ்சு பிழைத்துப் பறந்தன என்ற அந்த ஆண்டின் வெற்றி விகிதமே பொய்யாகிவிடும். உள்ளே வளைந்து போகும் இடுக்கைக் ‘காலி’ என்று எழுதுவது அதைவிட மோசம். ‘தெரியவில்லை’ என்பதற்குத் தனிக் குறியீடு வேண்டும்.

கசடோச்சி தீவில் 2008 ஆகஸ்ட் 7 அன்று எரிமலை வெடித்தது. அங்கே பணியில் இருந்த இரண்டு உயிரியலாளர்களை ஒரு மீன்பிடிப் படகு கடைசி நேரத்தில் ஏற்றிக்கொண்டது. பறக்காத குஞ்சுகள் இடுக்குகளுக்குள்ளேயே புதைந்தன. அடுத்த கோடையில் வளர்ந்த ஆலெட்கள் திரும்பி வந்து, இடுக்கே இல்லாத சாம்பல் மேட்டின்மேல் கூட்டமாக உட்கார்ந்திருந்தன.