கான்கிரீட் வீட்டில் காசு எங்கே மிச்சமாகும்: ஒப்பந்த வேலையில் கற்றவை

குறைந்த செலவில் வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டதும் சிமெண்டையும் கம்பியையும் குறைக்கத்தான் முதலில் கை போகும். கலவையில் பிடித்த காசு பிறகு ஒழுகலாகவும் விரிசலாகவும் திரும்பி வந்து நிற்கும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வரைபடம்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அறையின் உள்ளளவு 3.6 மீட்டர், சுவர் 20 செ.மீ. என்றால் வெளியளவு 4 மீட்டர். இரு முனையிலும் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிப்பு போக, நேர்கம்பியின் வெட்டு நீளம் 3.95. ஒரு கம்பியில் மூன்று துண்டு, கழிவு ஒரு சாண்கூட இல்லை. அதே அறையை 3.8 மீட்டராக்கினால் வெட்டு நீளம் 4.15. ஒரு கம்பியில் இரண்டுதான் வரும், 3.7 மீட்டர் மிச்சம் விழும். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்குக் கொஞ்சம் போனாலும் அத்தனை துண்டுக்கும் வேலை இருக்காது. ஆகவே இன்ஜினியர் வரைபடத்தை முடிக்குமுன் வெட்டுப் பட்டியலோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கம்பியின் விட்டமும் இடைவெளியும் அவர் முடிவு. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

ஹாலோ பிளாக்குக்கும் இதே கணக்கு. 40×20×20 என்பது பிளாக்குகளுக்கு இடையே கலவை நிரப்பும் மூட்டின் தடிப்பும் சேர்ந்த அளவு, பிளாக் 39×19×19 செ.மீ.தான் இருக்கும். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் 20 செ.மீ. மடங்கில் அமைந்தால் பிளாக்கை உடைக்க வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு 12.5 பிளாக் பிடிக்கும். செங்கல் பழக்கத்தில் கொத்தனார் பிளாக்கையும் நனைப்பார், தடுக்க வேண்டும். ஊறிய பிளாக் சுவரில் காயும்போது சுருங்கி, மூட்டு வழியே படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். பிளாக் உலர்ந்திருக்கட்டும், ஈரம் கலவையில் இருந்தால் போதும்.

அறைகளின் அளவு ஒன்றாக இருந்தால் கான்கிரீட்டை வார்க்கும் ஷட்டரிங் பலகைகள் வெட்டுப்படாமல் அடுத்த வீட்டுக்கும் போகும். எண்ணெய் பூசி, கழற்றியதும் சுரண்டி வைத்தால் பல தளங்களுக்கு உழைக்கும்.

இனி கலவை. சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 விகிதத்தில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் ஆகும். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர் கொள்ளளவு, 35×25×40 செ.மீ. பெட்டி ஒன்று செய்துகொண்டால் மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. சட்டியால் அளந்தால் காலையில் ஒரு கலவை, மாலையில் வேறு கலவை.

ஈர மணல் உப்பும். ஒரு கண்ணாடி ஜாடியில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் படியவிடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம்; பெட்டியில் அந்த அளவு கூட்டிப் போட வேண்டும். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர். மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே சுமார் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, 21 ஊற்றினால் சரி. இளக்கம் போதவில்லை என்று ஆட்கள் முணுமுணுத்தால் கலவையை இளக்கும் ரசாயனமான பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், வாளித் தண்ணீர் வேண்டாம். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. கம்பி துருப்பிடிக்கும் வழி அதுதான்.

தளம் போடும் நாளில் கெடுவது பெரும்பாலும் கலவையால் அல்ல, கால்களால். பால்கனி, சன்ஷேடு போன்ற தொங்கு தளங்களில் முக்கியக் கம்பி மேல்புறம் இருக்க வேண்டும். அதன்மேல் நடந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. மேல் கம்பியைத் தாங்கி நிறுத்தும் நாற்காலிக் கம்பிகளை நெருக்கமாக வைத்து, நடக்கத் தனிப் பலகை போட்டாக வேண்டும். கவருக்கு ஜல்லித் துண்டு வைப்பது பரவலான கெட்ட பழக்கம், அது நழுவிவிடும். தளத்துக்கு 20, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. கவர் பிளாக்கை முன்கூட்டியே வார்த்து ஊறவைத்துக்கொள்ளலாம். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் ஊசியை நேராக இறக்கி, 5 முதல் 15 விநாடி, மெல்ல எடுக்கவும். கான்கிரீட்டை இழுத்துத் தள்ளும் கருவி அல்ல அது.

வெயிலும் காற்றும் சேர்ந்தால் போட்ட சில மணி நேரத்திலேயே மேல்பரப்பு வெடிக்கும். தார்ப்பாய் மூடி, இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்: குறைந்தது 7 நாள், சாம்பல், கசடு போன்றவை கலந்த கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள்.

4.5 மீட்டர் வரையான தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் நிற்கட்டும். குளிர் காலத்தில் இன்னும் கூடும். அடியில் மண் இளகினால் தளமே தாழும் என்பதால் ஒவ்வொரு முட்டுக்கும் கீழே பலகை வேண்டும். எடுக்கும்போது இரு பக்கமும் தாங்கிய தளத்தில் நடுவிலிருந்தும், தொங்கு தளத்தில் நுனியிலிருந்து சுவரை நோக்கியும் எடுக்க வேண்டும். சன்ஷேடுக்கு மேலே சுவர் எழும்பி எடை விழும்வரை அதன் முட்டுகளைத் தொடவே கூடாது, லிண்டலோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும்.