ஸ்லோவில் நிற்காத வண்டி

பட்டறைக்கு வரும் புகார்களிலேயே பிடி கொடுக்காத புகார் இதுதான்: "வண்டி நிக்கிறப்ப ஒரு மாதிரி இருக்குதுங்க." ஓடும்போது எப்படி என்று கேட்டால், "ஓடுறப்ப ஒண்ணுமே தெரியறதில்லீங்க" என்பார்கள். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், கதவுக் கண்ணாடி கடகடக்கும், சில நேரம் பச்சை விழும்போது எஞ்சின் அணைந்திருக்கும். கோவையில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பழைய மாருதி 800தான் அதிகம் என்பதால், இந்தப் புகாரைக் கேட்காத வாரமே இல்லை எனலாம்.

பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் போட்டி பார்த்திருப்பீர்கள். வேகமாக மிதித்தால் யார் வேண்டுமானாலும் நேராகப் போய்விடலாம். மெதுவாகப் போகச் சொன்னால்தான் யாருக்குத் தடுமாற்றம் என்று தெரியும். எஞ்சினும் அப்படித்தான். ஸ்லோவில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுற்றும்போது, காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகிற காற்று ரொம்பக் குறைவு. அந்த நேரத்தில் எங்கோ ஒரு பொடி ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால், அதுவே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைக் கெடுக்கப் போதும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் காற்று அள்ளிக்கொண்டு போகும், அதே ஓட்டை கணக்கிலேயே வராது. நெருப்புப் பொறி தரும் பிளக்கில் வலுவில்லாதது, சரியாக மூடாத வால்வு எல்லாமே இப்படி ஓட்டத்தில் ஒளிந்துகொண்டு ஸ்லோவில் மாட்டிக்கொள்ளும்.

புகாரைக் கேட்ட மாத்திரத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைப்பது இந்தத் தொழிலில் ஒரு வியாதி. ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவை ஒரு சுற்று ஏற்றிவிட்டால் எஞ்சின் அணையாது, நடுக்கமும் குறைந்த மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். பழுது அப்படியே இருக்கும், பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். அதனால் புதிதாகச் சேரும் பையன்களுக்கு என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: ஸ்லோ பிரச்சினை என்று வண்டி வந்தால் ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். முதலில் வாயால் கேள், அப்புறம் காதால் கேள்.

சமீபத்தில் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய கார்புரேட்டர் 800ஐக் கொண்டு வந்தார். காலையில் எடுத்ததும் எப்படி என்று கேட்டேன். "காலைல ஜம்முன்னு நிக்குதுங்க தம்பி. உக்கடம் தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிடுது." இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. குளிரில், காற்றைக் குறைக்கும் சோக் போட்டிருக்கும்போது கலவையில் பெட்ரோல் அதிகம். எங்காவது காற்று கசிந்தாலும் அந்த அதிகப்படி பெட்ரோல் அதை மறைத்துவிடும். சூடாகி சோக் திறந்ததும் குட்டு வெளிப்படும். பெட்ரோல் அதிகமாகிற கோளாறு என்றால் நேர்மாறாக இருந்திருக்கும்: சூடாக ஆக மோசமாகி, புகையும் வாடையும் வரும்.

வேறு யாராவது கை வைத்தார்களா என்றும் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்டுப் பக்கத்துல ஒருத்தர் ட்யூனிங் பண்ணிக் குடுத்தாருங்க" என்றார். எஞ்சின் சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் மாட்டிப் பார்த்தால் நிமிடத்துக்கு 1,200 சொச்சம் சுற்றில் ஓடுகிறது. இந்த வண்டிக்கு 900 பக்கத்தில் நின்றால் போதும். பழைய இடத்துக்கே இறக்கினேன். கோளாறை மறைத்துக்கொண்டு கோளாறைத் தேட முடியாதே. இறக்கியதும் வண்டி உதற ஆரம்பித்தது.

இனி சைலன்சர் வாய்க்குப் போக வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை அங்கே பிடித்துப் பார்ப்பது பழைய மேஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த வழி. காகிதம் தாளம் தப்பாமல் ஒரே இடைவெளியில் தடுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. இஷ்டத்துக்கு ஏறி இறங்கினால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான கலவைக் கோளாறு. அவ்வப்போது உள்பக்கம் இழுத்தால் எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வாக இருக்கலாம். 800 மூன்று சிலிண்டர் வண்டி. 900 சுற்றில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 450 முறை வெடிக்கும், அதாவது நொடிக்கு ஏழெட்டு. அந்த வேகத்தில் வரும் தடுக்கலை எண்ண முடியாது, ஆனால் விரலுக்குத் தெரியும். இந்த வண்டியில் தெரிந்தது.

பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கழற்றிய ஒயரை அந்தரத்தில் விடக் கூடாது, பாடியில் எர்த் ஆகும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கெட்டுப்போய்விடும். முதல் இரண்டில் கழற்றியதும் எஞ்சின் சுற்று விழுந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது பெரிய வித்தியாசமே இல்லை. ஆக, அதுதான் சோம்பேறி. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த வேலை வேண்டாம். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். அங்கே இன்ஜெக்டர் சாக்கெட்டைத்தான் கழற்ற வேண்டும்.)

பிளக்கை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டேன், ஒயரையும் மாற்றினேன். கோளாறு கூடவே நகரவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. அப்படியானால் நெருப்பின் மேல் குற்றமில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, வால்வுகளுக்கு விடும் டேப்பெட் இடைவெளியும் சரி. மிச்சம் காற்றுதான். பிளக்கின் நிறமும் அதையே சொன்னது: மற்ற இரண்டும் பழுப்பு, மூன்றாவது மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இந்த எத்தனால் கலக்கறாங்களே, அதனாலயாங்க?" என்று கேட்டார். இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி. அதில் விஷயம் இல்லாமலும் இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் பொடித் துளையான ஜெட்டுக்கு ஏது மூளை? 2023இல் சில பெட்ரோல் பங்குகளில் வர ஆரம்பித்த 20 சதவீதக் கலப்பு இன்று எங்கும் வந்துவிட்ட பிறகு, வெறும் பெட்ரோலுக்கென்று செய்த கார்புரேட்டர் வண்டிகளில் கலவை காற்று கூடி கொஞ்சம் வறண்டுதான் ஓடுகிறது. பழைய ரப்பர் ஹோஸ்களும் அதற்காகச் செய்தவை அல்ல. ஆனால் எத்தனால் மூன்று சிலிண்டருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. அது குற்றவாளி என்றால் மூன்று பிளக்கும் வெளுத்திருக்க வேண்டும். இங்கே ஒன்றுதான் வெளுத்திருக்கிறது.

அப்படியானால் காற்று மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் புகுகிறது. கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் பேக்கிங் ஓரமாகக் கார்புரேட்டர் க்ளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். ஓட்டை இருக்கும் இடத்தில் அது உள்ளே போய் எரியும், எஞ்சின் சத்தம் மாறும். சூடான சைலன்சர் பைப் பக்கத்தில் இந்த வேலை செய்யும்போது தீயணைப்பானை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேல்பக்கம் அடித்தபோது எந்த மாற்றமும் இல்லை. பையனின் முகம் தொங்கிவிட்டது. கசிவு என்ன, நமக்கு வசதியான பக்கத்திலா உட்கார்ந்திருக்கும்? நீளக் குழாய் மாட்டி, கீழ்ப்பக்கமாகக் கைவிட்டு மூன்றாவது போர்ட்டுக்கு அடியில் அடித்தான். சட்டென்று எஞ்சின் சத்தம் மாறி, சுற்று ஏறி நிமிர்ந்து நின்றது. அடிப்பதை நிறுத்தியதும் மறுபடி உதறல். கண்ணாடி வைத்துப் பார்த்தால் கீழ் நட்டு தளர்ந்திருந்தது, அந்த இடத்தில் பேக்கிங் நைந்து கருத்திருந்தது.

மேனிஃபோல்டைக் கழற்றி, முகத்தைச் சுத்தம் செய்து, புதுப் பேக்கிங் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே சீராக முறுக்கினோம். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பியதுமே வண்டி 900இல் நின்றது. கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் செய்யும், மூன்று சிலிண்டர் வண்டிக்கு அது பிறவிக் குணம். அதைக்கூட எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் நன்றாக இருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

பில் போடும் இடத்தில்தான் எப்போதும் தகராறு. பேக்கிங் விலை கொஞ்சம்தான். அரை நாள் தேடியதற்குத் தனி வரியாக 'பழுது கண்டுபிடித்த கூலி' என்று எழுதுவேன். பார்ட்ஸ் மாற்றினால் கேட்காமல் கொடுப்பவர்கள், தேடியதற்குக் காசு என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். பெரியவரும் துடைத்தார்.

"தம்பி, அட்ரஸ் சரியில்லாத கடுதாசியெல்லாம் தெருத் தெருவாத் தேடிக் குடுத்திருக்கோம். தேடுனதுக்குன்னு யார்ட்டயும் காசு வாங்குனதில்லீங்க."

"உங்களுக்குத்தான் கவர்மென்ட் சம்பளம் குடுத்துச்சுங்களே சார்."

சிரித்துவிட்டார். இருந்தாலும் ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்.