தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளை

"தலைய நேரா வச்சிப் படி பாப்பா."

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாண்டி போகும் பஸ். பக்கத்து சீட்டு ஆயா, பேத்தியின் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.

நேராக வைத்ததும் பிள்ளையின் இரண்டு கண்ணும் இடமும் வலமுமாக ஓயாமல் ஆடின. ஆயா கையை எடுத்தார். முகம் இடப்பக்கம் திரும்பியது, விழிகள் வலது ஓரத்துக்குப் போயின, ஆட்டம் அடங்கியது. பாப்பா படிக்க ஆரம்பித்தாள்.

"விடுங்க ஆயா, அப்படிப் பாத்தாதான் அதுக்கு எழுத்து தெரியும்" என்றேன்.

இந்தக் கண் ஆட்டத்தை நிஸ்டாக்மஸ் என்பார்கள். பிறந்த சில மாதங்களில் தொடங்கும் வகை என்றால், ஆட்டம் குறையும் ஒரு பார்வைக் கோணம் பலருக்கு இருக்கும். யாரும் சொல்லித்தராமல் பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுகிறோமே, மனசு கேட்கவில்லை.

அவர்களில் பெரும்பாலானோருக்கு உலகம் ஆடித் தெரியாது. பார்வைதான் மங்கல். சரியான கண்ணாடி, பெரிய எழுத்து, வகுப்பில் தோதான இடம் கொடுங்கள். தலைத் திருப்பம் மிக அதிகமென்றால் கண் தசையை இடம் மாற்றும் ஆபரேஷன் உண்டு. ஆட்டம் முழுசாக நிற்காது, கழுத்து நேராகும்.

கைக்குழந்தைக்குக் கண் ஆடினால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். பிறவிக் கண்புரை காரணமாக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

பெரியவர்களுக்குத் திடீரென வந்தால் கதையே வேறு. கண்ணெதிரே எல்லாம் குலுங்கும். உட்காது கோளாறு, வலிப்பு மாத்திரையின் அளவு, பக்கவாதம் எதுவும் காரணமாகலாம். கூடவே பேச்சுக் குழறல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே கிளம்புங்கள்.