ஒரு குதிகாலோடு மூன்று மாதம்

நேற்று ராத்திரி பயிற்சியில், என்னைவிடப் பத்து கிலோ கூடுதலான ஆள் ஒருவன் "யெஸ்த்!" என்று கத்தினான். கத்த வைத்தது நான்தான். நான் பழகும் ரஷ்ய மல்யுத்தமான சாம்போவில் தோல்வியை ஒப்புக்கொள்ள விரிப்பைத் தட்டலாம், இல்லையென்றால் இப்படிக் கத்தலாம். ரஷ்ய மொழியில் அதற்கு 'உண்டு' என்று பொருள், 'சாப்பிட' என்றும் பொருள். ரஷ்யாவின் கசான் நகருக்கு மருத்துவம் படிக்க வந்த புதிதில், பக்கத்தில் ஒருவன் அப்படிக் கத்தியபோது, மல்லுக்கட்டுக்கு நடுவில் இவனுக்கு என்ன சாப்பாட்டு நினைப்பு என்று திரும்பிப் பார்த்தேன்.

விழப் பழகியது, உருளப் பழகியது எல்லாம் எல்லாருக்கும் ஒரே கதைதான், விடுங்கள். நான் மாட்டிக்கொண்டது அகில்லஸ் பிடியில். எதிராளியின் பாதத்தை அக்குளில் வாங்கி, குதிகாலுக்கு மேலே முன்கையைக் கொடுத்து, கைகளைக் கோத்துப் பின்னால் சாய வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்து பார்த்தால், மூன்று மாதம் ஒருவனும் கத்தவில்லை. சிலர் காலை உருவிக்கொண்டு போனார்கள். ஒருவன் நான் முழு பலத்தையும் போட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அந்த அவமானம் தனி.

முதலில், முன்கை கெண்டைக்கால் பக்கம் ஏறிவிடுகிறது. அங்கே எவ்வளவு இறுக்கினாலும் சதையைத்தான் பிசைகிறோம். உடற்கூறு வகுப்பில் படித்ததை நினைத்துப் பார்த்தேன். குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்துக்கு ஏறக்குறைய 4 செ.மீ. மேலே அகில்லஸ் தசைநாண் மிக ஒல்லியாக இருக்கும். என் காலிலேயே பேனாவால் புள்ளி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை மணிக்கட்டால் தேடிப் பழகினேன். அடுத்தது, மணிக்கட்டின் தட்டையான பக்கம் உதவாது. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் விளிம்பு கத்தி மாதிரி மேல் நோக்கி நிற்க வேண்டும். இதையும் சரி செய்தேன். அப்புறமும் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் பயிற்சியாளர் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து நாலாக மடித்தார். அதை என் முழங்காலுக்கும் எதிராளியின் தொடைக்கும் நடுவில் செருகி, "இது கீழே விழக்கூடாது" என்றார். சாய்ந்தேன். பொத்தென்று விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அன்றைக்கு அது எத்தனை முறை விழுந்தது என்று எண்ணவில்லை. நான் மூன்று மாதமாகக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயும் நொடியில் என் முழங்கால்கள் தாமாக விரிந்து, அவன் வெளியேற வழிவிட்டுக்கொண்டிருந்தன. முழங்கால்கள் தொடையை நெருக்கியபடி இருந்தால் கால் ஓட இடமில்லை. அதன்பின் கையால் இழுக்க வேண்டியதே இல்லை, இடுப்பை மேலே தூக்கினால் போதும். நேற்று கச்சை இல்லாமலே இது நடந்தது.

குதிகாலைத் திருகும் பிடிக்கு, நான் பழகும் 'விளையாட்டு சாம்போ' வகையில் தடை, நேராக அழுத்தத்தான் அனுமதி. கழுத்தை நெரிப்பதும் கூடாது. நெரிக்க வேண்டுமென்றால் 'போர் சாம்போ' வகைக்குப் போக வேண்டும், அங்கே குத்தும் உதையும்கூட உண்டு. எனக்குத் தேர்வு இருக்கிறது, மூக்கு வேண்டும்.

கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரும் நேரத்தில் பயிற்சியாளர் பழைய கதை சொல்வார். சாம்போ முழுவதையும் ஹர்லாம்ப்பியெவ் என்பவர்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பயிற்சியாளர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். சகாலின் தீவில் பிறந்து சிறு வயதில் அனாதையான வசீலி ஒஷ்செப்கொவ், தோக்கியோவில் இருந்த ரஷ்யப் பாதிரிப் பள்ளியில் படிக்கப் போனார். 1911-இல் அங்கே ஜூடோவின் தலைமைப் பள்ளியான கொடோகானில் சேர்ந்து, 1913-இல் ஜூடோவில் கறுப்புக் கச்சை வாங்கினார். பிற்பாடு மாஸ்கோவில் ஜூடோ கற்றுக்கொடுத்து, அதோடு சோவியத் மக்களின் நாட்டு மல்யுத்தங்களையும் சேர்த்தார். 1937 அக்டோபரில் ஜப்பானிய உளவாளி என்று கைது செய்தார்கள். சில நாளிலேயே புதிர்கா சிறையில் செத்துப்போனார். அடுத்த ஆண்டு நவம்பர் 16-இல் இந்த மல்யுத்தத்துக்கு அரசு அங்கீகாரம் வந்தது, அவர் பெயர் மட்டும் இல்லாமல். ஹர்லாம்ப்பியெவ் அவருடைய மாணவர். அதே காலத்தில் ஸ்பிரிதோனொவ் என்பவர் தினமோ விளையாட்டுச் சங்கத்தில் தனியாக ஒரு முறையை வளர்த்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர் என்பதால் பலத்தைவிட நெளிவுசுளிவை நம்பினார். பிற்பாடு 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் சாம்போவில் வளர்ந்த சோவியத் ஆட்கள் ஜூடோவில் நாலு வெண்கலம் வாங்கினார்கள். தோக்கியோவில் கற்றது தோக்கியோவுக்கே திரும்பிப் போனது என்று சொல்லிச் சிரிப்பார்.

நாட்டு மல்யுத்தம் என்றதும் எங்கள் கூடத்தில் இருக்கும் இந்தப் பகுதியின் தாத்தார் இனப் பையன்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அவர்களுடைய நாட்டு மல்யுத்தமான குரெஷும் சாம்போவுக்குள் இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் சபந்தூய் திருவிழாவில் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள், ஜெயித்தவனுக்கு ஒரு செம்மறிக்கடா. போன முறை பார்வையாளன். இந்த முறை ஒரு சுற்றாவது இறங்கிப் பார்க்கலாம் என்று ஆசை. கடாவை விடுதியில் எங்கே கட்டுவது என்று அறைத்தோழன் இப்போதே கேட்கிறான்.

குர்த்கா வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மேல்சட்டையில் தோளில் பிடிப்பதற்கு மடிப்பு இருக்கும், இடுப்பில் கச்சை நுழையத் துளைகள் இருக்கும். ஜூடோ சட்டை மாதிரி உருவிக்கொண்டு வராது. நான் மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு சிவப்பு வாங்கி, விடுதி இயந்திரத்தில் மருத்துவ அங்கியோடு சேர்த்துத் துவைத்தேன். மறுநாள் மருத்துவமனை வார்டில் இளஞ்சிவப்பு அங்கியோடு நின்றேன். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, செவிலியர் எல்லாம் சொன்னார். பருத்தி சுருங்கும், ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். போட்டிக்குப் போனால் நீலமும் வேண்டும், அதற்கு அடுத்த மாதப் பணம் வர வேண்டும்.

அடுத்தது உருண்டு போய் எடுக்கும் முழங்கால் பிடி. நேற்றே ஒரு முறை முயன்றேன். உருண்டேன், எழுந்தேன், கையில் யாருடைய காலும் இல்லை. அகில்லஸ் பிடியும் இன்னும் வலது பக்கம் மட்டும்தான் வருகிறது. இடது பக்கம் கச்சை இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.