வாசலில் எத்தனை படி

ஜனவரி 19, 2025, ஞாயிறு

தை பிறந்ததும் தேடத் தொடங்குவது என்று பேசி வைத்திருந்தபடி இன்று மூன்று வீடுகளைப் பார்த்தோம். கடலூர் செம்மண்டலத்து வீட்டுக்கு முப்பத்தெட்டு லட்சம் என்றார்கள். உள்ளே சென்று பார்க்கவே கூச்சமாக இருந்தது. இரண்டாவது வீடு கெடிலத்தின் கரையை ஒட்டியது. பதினாறு லட்சம், இரண்டு அறைகள், கிணறு, கொல்லையில் ஒரு முருங்கை மரம். சுவர்களுக்கு அண்மையில்தான் வெள்ளையடித்திருந்தார்கள். இங்கே தண்ணீர் வந்ததே இல்லை என்று தரகர் உறுதியாகச் சொன்னார். அவர் வீட்டுக்காரருடன் பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, தம் வீட்டுச் சுவரில் இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். பிறகுதான், "2015" என்றார்.

மூன்றாவது வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்கு ஒரு படிதான்.

ஜனவரி 20

பாப்பா இன்னும் புத்தகப் பையைப் பீரோவின் மேல்தான் வைத்துவிட்டுத் தூங்குகிறாள். நாற்காலி போட்டு ஏறி வைக்கிறாள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்ட செய்தி கேட்டு விழித்த அந்த டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையை இந்தக் குண்டு உப்பலவாடியில் யாரால் மறக்க முடியும்? தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்தபோது நாங்கள் முதலில் தூக்கியது அரிசியை. அவள் தூக்கியது பையை.

ஜனவரி 26, ஞாயிறு

நான்கு படிகள்.

கூத்தப்பாக்கத்தில் ஓர் உள் தெரு. இரண்டு சென்ட் மனை. 1998இல் கட்டிய, தளம் போட்ட வீடு. கூடத்தில் சிவப்புத் தரை. சமையலறை சிறியதுதான் என்றாலும் கிழக்குப் பார்த்த சன்னல் இருக்கிறது. பேஸ்மட்டம் நல்ல உயரம். 2015இல் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டுவிட்டு வடிந்துவிட்டதாக எதிர்வீட்டுப் பெரியவர் தாமாகவே சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னதால் நம்புகிறேன். விலை இருபத்தொரு லட்சம். திரும்பி வரும் வழியில் என் கணவர் வண்டியை நிறுத்தி, "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். இத்தனை வீடுகளில் அவர் அப்படிக் கேட்டது இதுதான் முதல்முறை.

பிப்ரவரி 2

இரவெல்லாம் கணக்கு. பழைய கட்டடம் என்பதால் விலையில் எண்பது விழுக்காடுதான் கடன் தர முடியும் என்று வங்கியில் சொன்னார்கள். அதாவது 16,80,000. மீதி 4,20,000 எங்கள் கையிலிருந்து. அதோடு முடிந்துவிடவில்லை: முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு என்று 1,89,000 தனியாக வேண்டும், அதற்கு வங்கி கடன் தருவதில்லை. வழக்கறிஞர், ஆவண எழுத்தர், வங்கி மதிப்பீட்டாளர் எல்லாருக்குமாக இருபத்தைந்தாயிரம் என்று வைத்தால் 6,34,000. எங்களிடம் இருப்பது, முடிந்த சீட்டுப் பணத்தையும் சேர்த்து, 5,10,000.

எட்டே முக்கால் விழுக்காட்டில் இருபது ஆண்டுகளுக்கு மாதத் தவணை 14,846. இப்போதைய வாடகை 7,500. இருவர் சம்பளமும் சேர்ந்து 41,000. தவணையை 240 மாதங்களால் பெருக்கிப் பார்த்தேன். முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல் வந்தது. அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 3

நான் கேட்கவில்லை. அத்தை தம் இரண்டு வளையல்களையும் சாமி அலமாரியில் கழற்றி வைத்துவிட்டு, "அடகு வைக்காதே, விற்றுவிடு, வட்டி கட்ட வேண்டாம்" என்றார்.

பிப்ரவரி 7

ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50இலிருந்து 6.25ஆகக் குறைத்திருக்கிறது. அது அப்படியே எங்கள் கடனுக்கும் வந்தால் மாதம் 267 ரூபாய் குறையும். பாப்பாவின் பால் செலவில் ஒரு பங்கு.

பிப்ரவரி 16

முன்பணம் ஒரு லட்சம் கொடுத்து ஒப்பந்தம் எழுதச் சென்றோம். வீட்டுக்காரர் பத்திரத்தில் பதின்மூன்று லட்சம் என்று அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதி எட்டு லட்சத்தை ரொக்கமாகத் தரும்படி கேட்டார். எல்லாரும் செய்வதுதான் என்றார் தரகர். முத்திரைத் தீர்வையில் நமக்கும் மிச்சம் என்றார். மிச்சம் உண்மைதான், எழுபத்திரண்டாயிரம். ஆனால் பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான் வங்கி கடன் தரும் என்பதால் கடன் 10,40,000ஆகச் சுருங்கிவிடும். விலையில் மீதியுள்ள பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு நாங்கள் எங்கே போவோம்? இதைவிடவும் என்னை உறுத்தியது வேறு. வாழ்நாளில் எங்கள் பெயரில் எழுதப்படும் முதல் பத்திரத்தில் பொய்யான தொகை இருக்கக் கூடாது. இதை என் கணவரிடம் வெளியே வந்து சொன்னேன். அவர் வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பணத்தைக் கொடுக்காமலேயே திரும்பினோம்.

பிப்ரவரி 18

முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுத ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரு லட்சம் கொடுத்தாகிவிட்டது. கெடு ஏப்ரல் 30.

மார்ச் 3

முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழில் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் பட்டாவில் இருக்கிறது. பட்டா 2019இல் இறந்த தந்தையின் பெயரிலேயே உள்ளது, தாய் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார், உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழில் விற்கிறவருடன் மும்பையில் இருக்கும் அவருடைய அக்காவின் பெயரும் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது என்றும், அந்த அம்மா தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும் அல்லது கிரயப் பத்திரத்தில் தாமும் கையெழுத்திட வேண்டும் என்றும், அதுவரை வங்கிக்குத் தாம் கருத்துரை தர முடியாது என்றும் வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லச் சொல்ல, என் தந்தை வீட்டுக்காக நான் கையெழுத்திட்ட நாள் நினைவுக்கு வந்தது. அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்து, இடத்தைக் காட்டினார்கள்.

மார்ச் 12

மாசி மகம். தேவனாம்பட்டினத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். பாப்பா அலையில் கால் வைக்க மறுத்து என் தோளிலேயே இருந்தாள்.

மார்ச் 14

பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும் என்று இன்றைய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் உன் பெயரிலேயே பதிவோம் என்றார்.

ஏப்ரல் 1

மும்பை அக்காவிடமிருந்து பதில் வரவில்லை என்று மட்டும் வீட்டை விற்கிற தம்பி சொல்கிறார். மனம் கேளாமல், வேலை முடிந்ததும் தனியாகக் கூத்தப்பாக்கம் சென்று வந்தேன். தெருவில் புதிய சாலை போட்டிருக்கிறார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டியிருக்கிறார்கள். முதல் படி பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை சாலை போட்டால் என்ன ஆகும் என்று நின்றபடியே கணக்குப் போட்டேன். எதிர்வீட்டுப் பெரியவர் கூப்பிட்டு மோர் கொடுத்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அந்த அம்மாவின் எண்ணைத் தம்பியிடம் வாங்கி நானே பேசினேன். மென்மையான குரல். வீடு விற்பனைக்கு வந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. சமையலறைச் சன்னல் இன்னும் திறக்க வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். பிறகு, என்ன விலைக்குப் பேசியிருக்கிறீர்கள், தம்பி என்னிடம் சொல்லவில்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

நான் இருபத்தொரு லட்சம் என்று சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்று வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னதில் தவறில்லை என்று என் கணவரும் சொல்கிறார், அத்தையும் சொல்கிறார்.

ஏப்ரல் 8

அழைப்பு இல்லை. தம்பியும் என் அழைப்பை எடுக்கவில்லை.