புதிய விசுவாசியோடு முதல் எட்டு வாரம்

ஞானஸ்நானம் எடுத்தவர் கையில் வேதாகமத்தைக் கொடுத்து "தினமும் வாசிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் ஆதியாகமத்தில்தான் தொடங்குவார். 50 அதிகாரமும் கதையாக ஓடிவிடும். யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) முழக்கணக்கு வந்ததும் திணறுவார். லேவியராகமத்துப் பலிகளில் புத்தகம் மூடிவிடும். புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே சபைக்கு வராமல் போகிறவர்கள் உண்டு.

மாற்கு சுவிசேஷம் போதும். 16 அதிகாரம், வாரம் இரண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் நேரில் உட்காருங்கள். சகோதரிகளோடு சகோதரிகளே உட்காரட்டும். முதல் பத்து நிமிடம் வேலை, வீடு, உடம்பு விசாரியுங்கள். பிறகு அவரே சத்தமாக வாசிக்கட்டும். கேள்வி மூன்றே: இங்கே இயேசு என்ன செய்கிறார்? எது புரியவில்லை? இந்த வாரம் எதைச் செய்து பார்க்கலாம்? பிரசங்கம் பண்ணும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள்தான் பெரிய தடை. சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. 2-ஆம் அதிகாரத்து 'ஆயக்காரர்' யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? வரி வசூலித்ததால் சொந்த ஜனமே ஒதுக்கிவைத்தவர்கள் என்று சொன்னால்தான், இயேசு அவர்களோடு பந்தியிருந்ததன் கனம் விளங்கும். 14:38-இல் 'மாம்சம்' என்றால் கறியைத்தான் நினைப்பார்; பலவீனமான மனித உடல், மனித இயல்பு என்று சொல்லுங்கள். எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பழையதை விட்டுவிட வேண்டாம். பல சபைகளில் இன்றும் வாசிப்பது அதைத்தான்.

மூப்பர்களின் நீண்ட ஜெபத்தைக் கேட்டே பலர் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். 13-ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள்: ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற முறையீட்டில் தொடங்குகிறது. மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் கதறுவதும் ஒரே வரிதான். பேச்சுத் தமிழில் நாலு வார்த்தை சொன்னாலும் அது ஜெபமே.

வீட்டில் படையல் சாப்பாடு வந்தால் என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பார். உடனே உத்தரவு போடாதீர்கள். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். அம்மாவோடு வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லலாம்.

முதல் மாதத்திலேயே மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது பெரிய தவறு. வேர் பிடிக்கும் முன்னே எல்லார் கண்ணும் அவர்மேல் விழும். ஒரு முறை சறுக்கினால் வெட்கத்தில் ஒளிந்துகொள்வார். நான்காம் வாரத்துக்குள் சபையில் இன்னும் இரண்டு குடும்பங்களோடு பழக்கிவிடுங்கள். புதிதாக விசுவாசித்த சவுலைப் (பிற்பாடு பவுல்) பார்த்து சீஷர்கள் பயந்தபோது, பர்னபா அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனதும் இப்படித்தான். உங்களை மட்டுமே நம்பியிருந்தால், நீங்கள் ஊர் மாறும் அன்று அவரும் நின்றுவிடுவார்.

எட்டாம் வாரம் 16-ஆம் அதிகாரத்தை அவரே நடத்தட்டும். அந்த மூன்று கேள்விகளையும் அவர் கேட்க, நீங்கள் பதில் சொல்லுங்கள்.