கொய்யாக் குச்சி

ஜூன் 3, 2025

92 கிராம்.

எங்கள் காக்டெயில் கிளி துரை தினமும் காலையில் முதல் எச்சம் போட்டதும், சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பத்து சதவீதம் குறைந்தால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 83. இந்த எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

துரையைத் துண்டில் சுற்றித் திருப்பிப் பிடித்து, டார்ச் அடித்துப் பாதத்தைக் காட்டினார். வலது பாதத்தின் அடியில் பொடிப்பொடிச் செதில்கள், கைரேகை மாதிரி வரிவரியாக இருந்தன. இடது பாதத்தின் நடுவில் அந்த வரி இல்லை. மிளகு அளவுக்கு ஓர் இடம் மட்டும் வழவழவென்று சிவந்து பளபளத்தது. இன்னும் புண்ணாகவில்லை, ஆனால் விட்டால் ஆகும் என்றார். ஆறு வருஷமாக ஒரே பருமனில் பிளாஸ்டிக் குச்சி. பாதத்தில் எப்போதும் அதே இடம்தான் அழுந்தியிருக்கிறது. விதை மட்டுமே தின்பதும் ஒரு காரணமாம், வைட்டமின் ஏ போதவில்லை.

ஒற்றைக் காலில் அழகாக நிற்கிறான் என்று எத்தனை முறை போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். எல்லாப் போட்டோவிலும் தூக்கியிருப்பது இடது கால்தான்.

ஜூன் 4

92.

கூண்டு வந்துவிட்டது. இரண்டடி அகலம், மூன்றடி உயரம். சதுரக் கூண்டுதான் வேண்டும் என்று தேடி வாங்கினேன். அந்தப் பழைய உருண்டைக் கூண்டில் ஒதுங்கி உட்கார ஒரு மூலைகூடக் கிடையாது. கம்பிகளின் இடைவெளி அரை இஞ்ச், தலை நுழையாது. வினிகரும் வெந்நீரும் விட்டுக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்துக் கொண்டுவந்தேன்.

பழைய கூண்டுக்குப் பக்கத்தில் வைத்த உடனே கொண்டை நட்டுக்குத்தலாக நின்றது. உடம்பை ஒடுக்கிப் பென்சில் மாதிரி ஆகிவிட்டான். இன்னும் அரை அடி நகர்த்தினேன். கொண்டையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு பாம்பு மாதிரி சீறினான். ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவன் சீறியதே இல்லை.

கூண்டை அறையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஜூன் 5

91.

ஜூன் 7

91. பின்வீட்டில் கேட்டுக் கொய்யாக் கிளை வெட்டி வந்தேன். மருந்து எதுவும் அடிக்காத மரம், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். காம்பவுண்டை ஒட்டி அரளி நிற்கிறது. முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிற அம்மா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள், "அரளிப் பக்கம் போயிராத கண்ணு, கத்திய நல்லாக் கழுவிக்கோ." கழுவினேன்.

சுண்டுவிரல் பருமனில் ஒன்று, கட்டைவிரல் பருமனில் இரண்டு. நேராக இருந்தால் பயனில்லை. ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து, கணுவும் வளைவுமாக இருந்தால்தான் பாதம் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். அவனுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். நான்கும் குச்சியை முக்கால்வாசி சுற்ற வேண்டும், ஆனால் நகங்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. பென்சிலில் தொடங்கி என் கட்டைவிரல் வரை வரிசையாக நீட்டி, எதை எப்படிப் பிடிக்கிறான் என்று பார்த்தேன்.

நார் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் வைத்திருக்கிறேன். பட்டையை உரிக்கவில்லை. அது அவன் வேலை.

ஜூன் 8

90. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் பிசியோ தம்பி வந்தார். அம்மா முட்டியை 70 டிகிரிவரை மடக்கினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், சத்தமே இல்லை.

ஜூன் 10

எழுதவே மனசில்லை.

பொறுமை போய்விட்டது எனக்கு. பகல் பதினொரு மணிக்கு அவனைக் கையில் ஏற்றி, நேரே புதுக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்தால் தானே பழகிவிடுவான் என்று யாரோ சொன்னது மனசில் இருந்தது. ஒரு குச்சியில்கூட உட்காரவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்மூலையில் தொங்கினான். மூன்றரை மணி நேரம். கம்பியோ குச்சியைவிட மெல்லிசு, எந்தப் பாதத்துக்காக இத்தனையும் செய்கிறேனோ அந்தப் பாதத்தை அது வெட்டுகிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். திறந்துவிட்டேன். பழைய கூண்டுக்குப் பறந்துபோய் அந்தப் பிளாஸ்டிக் குச்சியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கிக்கொண்டான்.

சாயங்காலம் விரலை நீட்டினேன். பின்வாங்கினான்.

ஜூன் 11

87.

ஜூன் 12

86. எச்சம் சின்னதாக, கரும்பச்சையாக இருக்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. தினைக்கதிரைத் தொங்கவிட்டேன், இரண்டு தினை மணி கொத்திவிட்டு விட்டுவிட்டான்.

86. ஃப்ரிட்ஜ் பக்கம் போகும்போதெல்லாம் 83 கண்ணில் படுகிறது.

ஜூன் 13

86. டாக்டரிடம் போனில் பேசினேன். நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "கூண்டையும் குச்சியையும் ஒண்ணாவா மாத்துவீங்க? முதல்ல குச்சியப் பழைய கூண்டுக்குள்ள கொண்டுபோங்க. கூண்டை அவன் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை!

ஒரு கொய்யாக் குச்சியை அளவுக்கு நறுக்கி, முனையில் துளை போட்டு, போல்ட், வாஷர், விங் நட்டு வைத்துப் பழைய கூண்டில் கீழ்ப்பக்கமாக மாட்டினேன். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே வராமல் பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் எச்சம் தண்ணீரில் விழும். பிளாஸ்டிக் குச்சியை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தான். சீறவில்லை.

ஜூன் 14

87. முருங்கைக்கீரைக் கொத்து ஒன்றை ஈரத்தோடு கட்டிவிட்டேன். தின்னவில்லை, ஆனால் அதில் தலையைத் தேய்த்துக் குளித்தான்.

ஜூன் 15

88!

மத்தியானம் சமையலறையில் இருந்தேன். வேர்க்கடலை உடைக்கிற மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக் குச்சியில் நின்றபடியே கீழே குனிந்து கொய்யாப் பட்டையை உரித்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாடா உரியும், அலகில் வைத்து உருட்டுவான், போடுவான், அடுத்தது. உரிந்த இடம் வெளிர்பச்சையாக, ஈரமாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கூண்டுத் தட்டெல்லாம் பட்டைத் தூள். நான்கரை மணிக்கு வலது காலை அதில் வைத்தான். வைத்து அழுத்திப் பார்த்தான். எடுத்துவிட்டான்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு கால் வெச்சவன் மறுகாலும் வெப்பான், விடு" என்றாள்.

ஜூன் 16

88. எதிர்வீட்டுப் பாப்பா வந்து, இவ்வளவு சிரமம் எதற்கு, பச்சைக்கிளி வளர்க்கலாமே என்றாள். 1972 வனவிலங்குச் சட்டப்படி நம் ஊர்க் கிளிகளை வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம், துரை காக்டெயில், அவன் இனம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது என்று சொன்னேன். "அப்ப இவனுக்கு ஊரு ரொம்ப தூரமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பொள்ளாச்சியில் ஒரு வீட்டு மாடியில் பொரித்த குஞ்சு. ஆஸ்திரேலியாவின் ஒரு மரத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 17

அம்மாவுக்குத் தையல் பிரித்தார்கள். ஆறியிருக்கிறது. இனிமேல் அம்மாவை ஹாலில் உட்கார வைக்கலாம். துரையின் பக்கம் போனால் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

துரையின் எடை பார்க்க மறந்துவிட்டேன்.

ஜூன் 18

89. தம்பி நான்ஸ்டிக் தவா ஒன்றை அனுப்பியிருக்கிறான். அம்மாவுக்குத் தோசை வார்க்கச் சுலபமாக இருக்கும் என்று பாசத்தோடுதான் அனுப்பினான். பரணில் வைத்துவிட்டேன். அது அளவுக்குமீறிச் சூடானால் வருகிற ஆவி நிமிஷக் கணக்கில் பறவையைக் கொன்றுவிடும். போனில் சொன்னபோது அவனுக்கு வருத்தம்தான்.

ஜூன் 19

கணவாய்க் காற்று. சாயங்காலத்திலிருந்தே ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. ராத்திரி இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது, அவன் கூண்டுக்குப் பக்கத்தில் எரிகிற சின்ன விளக்கும் போனது. உடனே கூண்டுக்குள் படபடபடவென்று அடித்துக்கொண்டான். காக்டெயிலுக்கு இருட்டில் இந்தப் பயம் வரும், முன்பும் இரண்டு முறை வந்திருக்கிறது. டார்ச்சைத் தேடினால் கிடைக்கவில்லை. கையை உள்ளே விட்டால் இன்னும் மிரள்வான். இருட்டில் இறகு கம்பியில் மோதுகிற சத்தம் மட்டும்.

அதற்குள் அம்மா கட்டிலிலிருந்து பேச ஆரம்பித்துவிட்டாள். எழுந்து வர முடியாதே அவளால். "துரை... ஒண்ணுமில்ல சாமி, காத்துதான். காத்துதான் சாமி. அம்மா இங்கதான் இருக்கறன்." குரலை உயர்த்தவே இல்லை. திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னாள். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். சத்தம் குறைந்து குறைந்து நின்றது.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வாலில் வளர்ந்துகொண்டிருந்த இறகு ஒன்று உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. கார்ன் ஃப்ளாரை வைத்து மெல்ல அழுத்தினேன், நின்றது. என் கையை அவன் தடுக்கவில்லை. மடியில் துண்டைப் போட்டு, அவனை அதில் வைத்து, கரண்ட் வருகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

10ஆம் தேதிக்கு அப்புறம் என் கைக்கு வந்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 20

87. ராத்திரியைப் பார்க்கும்போது இது பரவாயில்லை.

ஜூன் 22

வாக்கர் மேல் உட்கார்ந்துவிட்டான்!

அம்மா ஹாலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. பறந்து வந்து வாக்கரின் முன்பக்கக் குழாயில் இறங்கினான். அம்மா நின்றுவிட்டாள். "அவன் எறங்கற வரைக்கும் நான் நகர மாட்டன்." ஆனால் அவன் இறங்கவில்லை. கடைசியில் மெதுவாக வாக்கரைத் தூக்கி வைத்தாள். கொண்டை ஒரு தரம் எழும்பித் தாழ்ந்தது, அவ்வளவுதான். நேற்று பதினாலு அடியோடு உட்கார்ந்துவிட்டவள் இன்று இருபத்திரண்டு அடி நடந்தாள்.

எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. அலுமினியக் குழாய், முழுக்க ஒரே பருமன், வழவழப்பு. பிளாஸ்டிக் குச்சியே தேவலை. சணல் கயிறு சுற்றலாமா என்று யோசித்தேன். நூல் பிரிந்தால் விரலில் மாட்டி இறுக்கிவிடும். அம்மாவின் கைப்பிடியும் வழுக்கும். வேண்டாம்.

ஜூன் 24

89. இரண்டு கால்களையும் கொய்யாக் குச்சியில் வைத்தான், நாற்பது நொடி. கேரட் துருவலும் கொஞ்சம் தின்றான். பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிடலாமா? இன்னும் இரண்டு நாள் போகட்டும்.

ஜூன் 27

88. கழற்றிவிட்டேன். ஒரு மணி நேரம் கத்தினான். அப்புறம் கொய்யாவில் உட்கார்ந்தான்.

ஜூலை 1

90. இப்போது கூண்டு. இத்தனை நாளில் தினம் கொஞ்சமாக நகர்த்தி, புதுக் கூண்டைப் பழையதற்கு ஒரு கை தூரத்தில் சுவரை ஒட்டி, அதே உயரத்தில் நிறுத்தியிருக்கிறேன். ராத்திரி போர்த்துகிற நீலப் பெட்ஷீட்டைப் பகலில் இதன்மேல் போட்டு வைக்கிறேன். பட்டை உரித்த அந்தக் குச்சியையே உள்ளே உச்சியில் மாட்டிவிட்டேன், உயரமான குச்சியில்தானே தூங்குவான். கதவுக்குப் பக்கத்தில் தினைக்கதிர்.

வெளியே நின்றே கதிரை இழுத்துத் தின்கிறான். கழுத்து எவ்வளவு நீளும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 4

அம்மாவின் யோசனை இது. வாக்கரில் துரையை ஏற்றிக்கொண்டு புதுக் கூண்டுவரை நடந்தாள். குழாயைத் திறந்த கதவோடு ஒட்டி நிறுத்தினாள். நின்றாள். நானும் மூச்சு விடாமல் நின்றேன். அவன் கதிரைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. உட்காரும்மா என்றேன். "பேசாத" என்றாள். நெற்றியில் வியர்வை. ஐந்து நிமிஷத்துக்குமேல் நிற்க வேண்டாம் என்று பிசியோ தம்பி சொல்லியிருக்கிறார், கடிகாரத்தில் ஏழு நிமிஷம்.

கதவுக் கம்பியில் ஒரு கால். அப்புறம் உள்ளே. தாவி உச்சிக் குச்சிக்குப் போய், பழைய பட்டைத் தழும்பை அலகால் ஒரு தட்டுத் தட்டினான்.

கதவை நான் சாத்தவில்லை. அம்மாவைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5

90. ராத்திரிக்குப் பழைய கூண்டுக்கே போய்விட்டான். சரி.

ஜூலை 8

91. அம்மாவுக்கு முட்டி 95 டிகிரி மடங்குகிறது.

ஜூலை 10

நேற்று ராத்திரி புதுக் கூண்டில் தூங்கினான். விளக்கு அணைக்கும்போது அலகை நறநறவென்று அரைக்கிற சத்தம் கேட்டது. மனசு அடங்கினால்தான் அப்படி அரைப்பான், ஒரு மாதமாகக் கேட்காத சத்தம்.

விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பெட்ஷீட் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முதுகுப்பக்கம் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கி வயிற்று இறகுக்குள் வைத்திருந்தது வலது கால். இடது கால் குச்சியில், கணு தடித்த இடத்தில், நான்கு விரலும் விரிந்து நின்றது.

போட்டோ எடுக்கவில்லை. ஃப்ளாஷ் அடித்தால் மிரள்வான்.

ஜூலை 12

91. உச்சிக் குச்சியில் பட்டை தீர்ந்துவிட்டது. பின்வீட்டில் கேட்க வேண்டும்.